ஆச்சி கதையில கத்திரிக்கா, வங்காளத்து கதையில கீரை

எங்க ஆச்சி எந்த கதை சொன்னாலும் கடைசியில "கதை முடிஞ்சுது, கத்திரிக்கா காச்சுது"ன்னு சொல்லி போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்து மூடி விட்டுருவா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க முடியாது. ராட்சசன் உண்மையிலேயே செத்தானா, அந்த பொண்ணு அப்புறம் எங்க போனா, எது கேட்டாலும் பதில் கத்திரிக்கா தான். அந்த வரிய காதால கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

போன மாசம் ஒரு ராத்திரி நல்ல மழை, கரண்ட் வேற போயிட்டுது, நான் மெழுகுவர்த்தி கொடுக்கலாம்னு பக்கத்து மாடிக்கு போனேன். அங்க வாடகைக்கு இருக்கது ஒரு வங்காளத்து குடும்பம், முர்ஷிதாபாத் பக்கம், அவருக்கு டைல்ஸ் ஒட்டுற வேலை, இங்க நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல எங்க வீடு கட்டுனாலும் இப்போ அவங்க ஆளுங்க தான. அந்த தங்கச்சி இருட்டுல மகனை மடியில போட்டு ஏதோ ராகமா இழுத்து சொல்லிட்டு இருந்தா. பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. அவன் ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டுறான். எங்க ஆச்சிக்கும் நாங்க "ம்" கொட்டணும், கொட்டலேன்னா கதைய நிறுத்திருவா, "தூங்கிட்டியா மக்ளே"ன்னு கேப்பா. அந்த "ம்" கேட்ட உடனே நான் வாசல்லயே நின்னுட்டேன்.

அது என்னன்னு கேட்டேன். முன்னாடி கேரளாவுல ரெண்டு வருஷம் இருந்திருக்காங்க, அதனால பாதி மலையாளம், கொஞ்சம் தமிழ், மிச்சம் இந்தின்னு எல்லாத்தையும் கலந்து சொன்னா. கதை முடிஞ்சா அவங்க ஊர்ல சொல்றதாம் இது. என் கதை தீர்ந்து போச்சு, கீரைச் செடி மொட்டையா போச்சு. ஏன் கீரையே மொட்டையா போன? மாடு என்னை மேயுதே. ஏன் மாடே மேயுற? மாட்டுக்காரப் பையன் என்னை பாத்துக்க மாட்டேங்கானே. ஏன்டா பாத்துக்கல? வீட்டு மருமக சோறு போட மாட்டேங்காளே. ஏன் மருமகளே சோறு போடல? பிள்ளை அழுறானே. ஏன் பிள்ளே அழுற? எறும்பு கடிக்குதே. ஏன் எறும்பே கடிக்க? எறும்பு மட்டும் யாரையும் கை காட்டாது, குட்டு குட்டுன்னு கடிப்பேன், பொந்துக்குள்ள இருப்பேன்னு சொல்லிரும். அதோட முடிஞ்சு. அந்த பையன் தொடையில அவ "குட்டு குட்டு"ன்னு கிள்ளுறா, அவன் சிரிக்கிறான்.

அந்த கீரைக்கு அவங்க சொல்ற பேரு நொட்டே, நம்ம தண்டுக்கீரை முள்ளுக்கீரை குடும்பம் தான். எங்க ஆச்சி கதை முடிஞ்சா செடி காய்க்குது, அவங்க கதை முடிஞ்சா செடிய மாடு தின்னுட்டு போயிருது. ரெண்டு ஊர் கிழவிகளும் கதையோட கடைசியில கொண்டு வந்து நிறுத்துறது வீட்டுக்கு பின்னால இருக்க காய்கறி பாத்தியில தான்னு யோசிச்சப்போ எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

மறுநாள்ல இருந்து தேட ஆரம்பிச்சேன். சமையல் முடிச்சு பாத்திரம் கழுவி வச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல தான் எனக்கு நேரம், அப்படியே மூணு வாரம் வங்காளத்து கதைகள் தான் படிச்சேன். எனக்கு வங்காளம் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் வழியா. முதல்ல கிடைச்சது லால் பெஹாரி டேங்கிற வங்காள எழுத்தாளர் 1883ல போட்ட புத்தகம், 22 கதை. அதுல கதைகளுக்கு முன்னாலயே முன்னுரையில நான் மாட்டிக்கிட்டேன். சின்ன வயசுல அவருக்கு கதை சொன்ன ஒரு கிழவி, சம்புவோட அம்மான்னு தான் பேரு, அவ சொந்த பேரு என்னன்னு புத்தகத்துல இல்ல. அவகிட்ட கேட்டது நூறு நூறா, ஆயிரம் ஆயிரமான்னு சொன்னாலும் மிகையில்லன்னு எழுதுறார். அப்புறம் டெம்பிள்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி அந்த கதைகள எழுதுங்கன்னு கேக்கும்போது இவருக்கு வயசாயிட்டுது, சம்புவோட அம்மா போய் எத்தனையோ வருஷமாச்சு, கேட்டதெல்லாம் முக்கால்வாசி மறந்து போச்சு. ஆள் தேடி அலைஞ்சிருக்கார். கடைசியில ஒரு கிறிஸ்தவ பெண்மணி கிடைச்சிருக்காங்க, வேதத்துக்கு மாறுறதுக்கு முன்னாடி சின்ன பிள்ளையா இருந்தப்போ பாட்டிகிட்ட கேட்டத அப்படியே மனசுல வச்சிருந்தவங்க. அவங்க பத்து கதை சொன்னாங்க. அதுக்கு அப்புறம் ஒரு கிழ பிராமணர் ரெண்டு, ஒரு கிழ நாவிதர் மூணு, வீட்டு வேலைக்காரர் ரெண்டு, மிச்சம் இன்னொரு பிராமணர்.

அந்த பத்து கதைய சொன்ன பெண்மணிய நெனச்சு நெனச்சு பாத்தேன். நம்ம மாவட்டத்துல இருக்கவங்களுக்கு இது நல்லா புரியும். என் கூட காலேஜ்ல படிச்ச ஒரு பொண்ணு மார்த்தாண்டம் பக்கம், மூணு தலைமுறையா சபைக்கு போற குடும்பம், அவ அம்மச்சி தினமும் ராத்திரி ஜெபம் முடிச்சிட்டு விளக்க தணிச்சு வச்சு பனையில இருக்க யட்சி கதை சொல்லுவாங்களாம். சர்ச்சுல கேட்டா திட்டுவாங்கன்னு பிள்ளைகளுக்கு தெரியும், அம்மச்சிக்கும் தெரியும், ஆனாலும் சொல்லுவாங்க. லால் பெஹாரி டேயும் போதகர் தான். மதம் மாறுனவங்க கோயில விட்டாங்க, விளக்க விட்டாங்க, பாட்டி சொன்ன கதைய மட்டும் யாரும் விடல, அதுவும் பொம்பளைங்க விடல.

அப்புறம் தாக்குர்மார் ஜுலி. தாக்குர்மான்னா அப்பாவோட அம்மா, ஜுலின்னா தோள்ல மாட்டுற பை. தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் மைமன்சிங் பக்கத்து கிராமங்கள்ல கிழவிங்க வாயால கேட்டு தொகுத்தது, 1907ல வந்தது, முன்னுரை எழுதுனது தாகூர். வங்காளத்த வெள்ளைக்காரன் ரெண்டா பிரிச்சு ரெண்டு வருஷம் தான் ஆயிருக்கு, மான்செஸ்டர் துணி வேண்டாம்னு தெருவுல கொளுத்துன காலம். தாகூர் என்ன சொல்றார்னா பாட்டியோட இந்த பைய விட சுதேசி பொருள் நம்மகிட்ட வேற என்ன இருக்கு, இப்போ பாருங்க இதுவும் மான்செஸ்டர் மில்லுல இருந்து தான் நம்ம பிள்ளைகளுக்கு வருதுன்னு வருத்தப்படுறார். அப்பவே! நான் வேற என்னமோ டிவி வந்து, போன் வந்து தான் ஆச்சிமார் கதை எல்லாம் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன். 1907லயே போயிட்டு இருக்குன்னு ஒருத்தர் கவலைப்பட்டிருக்கார், 1883லயே ஒருத்தர் ஆள் கிடைக்காம அலைஞ்சிருக்கார்.

சரி கதைக்கு வரேன்.

முதல் ஆச்சரியம் தூரம். நம்ம கதையில ராட்சசனோட உயிர் ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி ஒரு குகையில கிளிக்குள்ள இருக்கும். வங்காளத்துல ஏழு கடலும் பதிமூணு ஆறும். மலை இல்ல! ஆத்து வண்டல்ல படுத்து கிடக்க ஊரு, கிழவி மலைக்கு எங்க போவா, கண்ணுக்கு தெரிஞ்சது ஆறு, ஒண்ணு தாண்டுனா இன்னொண்ணு, அத தான் எண்ணியிருக்கா. எனக்கு எங்க மொட்டை மாடியில ஏறுனா மேற்குத் தொடர்ச்சி மலை நீளத்துக்கு தெரியும், தெக்க போனா கடல். எங்க ஆச்சி ஏழு கடல் ஏழு மலைன்னு சொல்லும்போது கைய தூக்கி ரெண்டு பக்கமும் காட்டுவா, அது வெறும் வாய் வார்த்தை இல்ல, அவளுக்கு ரெண்டுமே நடந்து போற தூரத்துல இருந்துச்சு.

அதே மாதிரி டேயோட முதல் கதையில ராஜகுமாரன் தாலிம் குமாரோட உயிர் ஒரு கழுத்து மாலையில இருக்கு, அந்த மாலை ஒரு மீன் வயித்துக்குள்ள, மீன் அரண்மனை குளத்துல. தாலிம்னா மாதுளை, பக்கிரி குடுத்த மருந்த மாதுளம்பூ சாத்துல கலந்து குடிச்சு பெத்த பிள்ளை. மாத்தாந்தாய்க்காரி அந்த மாலைய எடுத்து கழுத்துல போட்டா பையன் பொணமா கிடப்பான், ராத்திரி அவ கழட்டி வச்சா எழும்பி உக்காருவான். அந்த மீன் போயல்னு போட்டிருக்கு, அது நம்ம வாளை தான். வாளை மீன் வயித்துல உயிர் இருக்குன்னு படிச்சதும் எனக்கு வெள்ளிக்கிழமை வடசேரி சந்தையில மீன் வெட்டி தர்ற அக்கா ஞாபகம் வந்துச்சு, அவங்க ஒவ்வொரு மீனையும் கீறும்போது உள்ள விரலை விட்டு ஒரு தடவை பாப்பாங்க.

மீன் இல்லாம அவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது, பேய்க்கு கூட. மேச்சோ பூத்னு ஒரு பேய், சந்தையில மீன் வாங்கிட்டு இருட்டுல போறவன் பின்னாலயே வந்து மூக்கால பேசி மீன் குடுத்துட்டு போன்னு கேக்குமாம். இத படிச்சிட்டு நான் சத்தமா எங்க வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சு காட்டுனேன். ஏன்னா எங்க மாமியார் இன்னைக்கும் பொழுது அடைஞ்ச பிறகு மீன்கறியோ கோழிக்கறியோ யார் வீட்டுக்காவது குடுத்து விட்டா தூக்குவாளி மேல ஒரு கரித்துண்டு வைக்காம விட மாட்டாங்க. கரிக்கு பயந்து தான் பேய் கிட்ட வராதுன்னு. கங்கை கடல்ல விழுற இடத்துலயும் இங்க மூணு கடல் சேருற இடத்துலயும் மீன் வாசனைக்கு பின்னால வர்றது ஒரே பசி.

ராத்திரி பேரை சொல்லி கூப்பிடுற நிஷி கூட அப்படித்தான், முதல் கூப்பாட்டுக்கு பதில் சொல்லக் கூடாது, மூணு தடவை கூப்பிட்டா தான் மனுஷன். எங்க வீட்டுலயும் இதே சட்டம்.

ஆனா நான் ரொம்ப நாள் மனசுல வச்சு புரட்டுனது ரெண்டு கதை.

ஒண்ணு சாத் பாய் சம்பா, ஏழு அண்ணன் செண்பகம். ராஜாவுக்கு ஏழு ராணி, கடைசி ராணி மட்டும் நல்லவ, அவளுக்கு தான் பிள்ளை உண்டாகுது. ராஜா சந்தோஷத்துல தன் இடுப்புக்கும் அவ இடுப்புக்கும் ஒரு தங்கச் சங்கிலிய கட்டி, பிள்ளை பொறந்தா இத இழு, நான் வரேங்கிறான். பேறு பாக்க போறோம்னு உள்ள போன மூத்த ராணிமார் வேணும்னே இழுத்து இழுத்து விடுறாங்க, அவன் வந்து வந்து பாத்து ஒண்ணும் இல்லாம கோவப்பட்டு போயிருறான். நிஜமா பொறந்தது ஏழு ஆம்பளை பிள்ளை ஒரு பொம்பளை பிள்ளை. எட்டையும் சட்டியில போட்டு மூடி சாம்பக் குழியில புதைச்சிட்டு, தவளைக்குஞ்சு எலிக்குஞ்சு பொறந்திருக்குன்னு ராஜாகிட்ட காட்டுறாங்க. அவன் நம்புறான். அத நம்பி அவள வெளிய துரத்துறான், அவ சாணி பொறுக்கி வரட்டி தட்டுற வேலைக்காரி ஆயிருறா. சாம்பக் குழியில ஏழு செண்பகப்பூவும் ஒரு பாருல் பூவும் பூக்குது. பாருல்னா நம்ம பாதிரிப்பூ.

பூஜைக்கு பூ பறிக்க தோட்டக்காரன் வந்தா அந்த பாருல் தான் கூப்பிடுறா, ஏழு அண்ணனும் முழிச்சிக்கோங்க, ராஜாவோட தோட்டக்காரன் வந்திருக்கான், பூ குடுக்கலாமா கூடாதான்னு. மாட்டோம், முதல்ல ராஜா வரட்டும்னு சொல்லி பூவெல்லாம் கை எட்டாத உயரத்துக்கு போயிருது. ராஜா வந்தா மூத்த ராணி வரட்டும்னு இன்னும் மேல, அவ வந்தா அடுத்தவ வரட்டும்னு இன்னும் மேல, இப்படியே ஆறு பேரும் வந்து கடைசியில சாணி பொறுக்குறவ வரட்டும்னு சொல்லுது. அவ கந்தல் துணியும் சாணிக் கையுமா வந்து நின்ன உடனே பூ எல்லாம் தானா இறங்கி வந்து அம்மான்னு அவ மேல விழுது.

நான் இத படிச்சிட்டு அழுதேன். மறுநாள் தோவாளை பூச்சந்தை வழியா பஸ்ல போகும்போது செண்பக வாசனை வந்துச்சு, திரும்பவும் கண்ணுல தண்ணி. அந்த ஏழு பயல்களையும் விட அந்த பாருல் தான் எனக்கு பெருசா தெரியிறா, அண்ணன்மார் எல்லாம் தூங்குறாங்க, முழிச்சிருந்து யார் வர்றான்னு பாத்து ஒவ்வொரு தடவையும் எழுப்புறது அவ தான்.

ஆனா கோவமும் வந்துச்சு. கடைசியில மூத்த ராணிமார கீழ முள்ளு மேல முள்ளு போட்டு உயிரோட புதைச்சிருறாங்க, அது தான் அங்க வழக்கமான தண்டனை, நிறைய கதையில வருது. சரி. ராஜாவுக்கு என்ன தண்டனை? தவளையையும் எலியையும் காட்டுனா நம்புறவனுக்கு? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெளிய அனுப்புனவனுக்கு? ஒண்ணும் இல்ல. அவ திரும்ப போய் அவன் பக்கத்துல உக்காந்துக்கிறா, கதை தீர்ந்து போச்சு, கீரை மொட்டையா போச்சு. இந்த இடத்துல எனக்கு அந்த கேள்வி வரிசையே வேற மாதிரி கேட்டுது, மாடு பையனை கை காட்டுது, பையன் மருமகள காட்டுறான், மருமக அழுற பிள்ளைய காட்டுறா, யாருமே வீட்டுக்காரன் எங்கன்னு கேக்கல.

ரெண்டாவது கதை டே புத்தகத்துல இருக்க பேய் மருமக. ஷாக்சுன்னின்னு ஒரு வகை, கல்யாணம் ஆகி செத்த பொம்பளையோட பேய், கையில சங்கு வளையலோட வரும். ஒரு வீட்டு மருமகள குளத்தங்கரையில பிடிச்சு மரப் பொந்துக்குள்ள திணிச்சிட்டு அவ சேலைய கட்டிக்கிட்டு அவ வீட்டுக்கே இது போயிருது. மாமியாருக்கு சந்தோஷம், ஏன்னா முன்ன சோந்து சோந்து இருந்த மருமக இப்போ வேலைய பறந்து பறந்து பாக்குறா. ஒரு நாள் ஏதோ பாத்திரம் எடுத்துட்டு வான்னா நின்ன இடத்துல இருந்தே கைய நீட்டி அடுத்த ரூம்ல இருந்து எடுக்குறா. இன்னொரு நாள் அடுப்புல விறகுக்கு பதிலா கால நீட்டி வச்சிருக்கா, அது எரியுது. அப்புறம் தான் மகன்கிட்ட சொல்லி மந்திரவாதிய கூட்டிட்டு வந்து, மஞ்சள சுட்டு மூக்குக்கிட்ட புகை காட்டுறாங்க, சுட்ட மஞ்சள் புகைய பேயால தாங்க முடியாது, அலறி உண்மைய சொல்லிருது. பொந்துல இருந்து நிஜ மருமகள குத்துயிரா எடுக்குறாங்க.

கால அடுப்புல வச்சு எரிக்கிற பேய்ச்சி எங்க ஆச்சி கதையிலயும் உண்டு, அதனால அந்த இடம் பயம் இல்ல. பயமுறுத்துனது அந்த மாமியாரோட சந்தோஷம். உள்ள ஆளே மாறியிருக்கு, வேலை நடந்தா போதும்னு கவனிக்கல. அந்த உண்மையான பொண்ணு இருட்டு பொந்துக்குள்ள எத்தனை நாள் கிடந்தாளோ, அத பத்தி கதையில பெருசா ஒண்ணும் இல்ல. சொன்னவ யாரோ தெரியாது, ஆனா மருமகளா இருந்தவ தான் இத முதல்ல சொல்லியிருப்பான்னு எனக்கு தோணுது.

இந்த ரெண்டையும் படிச்சிட்டு நான் நெனச்சது நம்ம நீலிய. பார்வதிபுரம் தாண்டுனா கள்ளியங்காடு, இன்னைக்கு அங்க வீடும் கடையும் பஸ்ஸும் தான், ஆனா எங்க சின்ன வயசுல அந்த பேர சொன்னாலே வயித்துக்குள்ள குளிரும். நகைக்காக, நம்பி தன் மடியில தலை வச்சு தூங்குன பொண்ண கல்லால அடிச்சு கொன்னுட்டு போறான் ஒருத்தன். அவ திரும்ப பிறந்து வந்து, கள்ளிக் கொப்பை ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, இவன் தான் என் புருஷன்னு ஊர்ப் பெரியவங்க முன்னால வழக்கு சொல்லி அவன பழி வாங்குவா. வில்லுப்பாட்டுல அந்த இடம் வரும்போது உடுக்கையும் குடமும் சேர்ந்து அடிக்கிற அடி இருக்கே, நடு ராத்திரியிலயும் ஒரு பொம்பளையும் எழும்பி போக மாட்டா. பழி வாங்குனதோட நிக்கல, அவ இசக்கி ஆயிருறா. முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாலைங்க நடுவுல இசக்கியம்மன் கோயில்ல வண்டிய நிறுத்தி கும்பிடாம எங்க அப்பா ஒரு தடவை கூட திருநெல்வேலி போனதில்ல. அநியாயமா செத்தவளுக்கு நம்ம ஊர்ல பீடம் போட்டு வருஷா வருஷம் கொடைன்னு திருவிழா எடுத்து, அவ கதைய அவ முன்னாலயே ராத்திரி பூரா பாடி கேக்க வைப்பாங்க. நீ எப்படி செத்தன்னு எங்களுக்கு மறக்கலன்னு அவகிட்டயே சொல்றது அது. வங்காளத்து ஷாக்சுன்னிக்கு மஞ்சள் புகை போட்டு விரட்டுறதோட சரி, அவ யாரு, எப்படி செத்தான்னு யாரும் கேக்கல. நான் படிச்ச வரைக்கும் அந்த கதைங்கள்ல எனக்கு குறையா பட்டது இது ஒண்ணு தான், ஷாக்சுன்னிக்கு ஒரு வில்லுப்பாட்டு இல்லையேன்னு.

மத்த கதைகள் எல்லாம் மனசுக்கு சுகம். துன்துனின்னு ஒரு தையல் சிட்டு, உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி 1910ல போட்ட புத்தகத்துல வருது, அவர் சத்யஜித் ராயோட தாத்தா. ராஜா காய வச்ச காசுல ஒண்ண தூக்கிட்டு போய் கூட்டுல வச்சிக்கிட்டு, ராஜா வீட்டுல இருக்க செல்வம் என் வீட்டுலயும் இருக்குன்னு பாடுது. காச பிடுங்குனா ராஜா எவ்வளவு பேராசைக்காரன் பாருன்னு பாடுது. திருப்பி குடுத்தா ராஜாவுக்கு பயம்னு பாடுது. உள்ளங்கை அளவு கூட இல்லாத குருவி, வாய அடைக்கவே முடியல, கடைசியில ராஜாவுக்கு மூக்கே போயிருது. என் மகனுக்கு இத சொன்னேன், அவன் ஏழாவது படிக்கிறான், கதை கேக்குற வயசு தாண்டிட்டுன்னு நெனச்சேன், ரெண்டு தடவை திரும்ப சொல்ல வச்சான்.

சுகு துகு கதையும். நெசவாளியோட ரெண்டு பொண்டாட்டிக்கு ஆளுக்கொரு பொண்ணு, துகு வெயில்ல காய வச்ச பஞ்ச காத்து அடிச்சிட்டு போயிருது, அவ அழுதுகிட்டே காத்து பின்னாலயே போறா. வழியில மாட்டுக்கு தொழுவம் கூட்டி குடுத்து, வாழைக்கு கொடிய அறுத்து விட்டு, குதிரைக்கு புல்லு போட்டு, நூல் நூத்துக்கிட்டு இருக்க நிலாவோட அம்மா வீட்டுக்கு போய் சேருறா. நிலாவுல பாட்டி வடை சுடுறான்னு தான் நமக்கு சொல்லி குடுத்தாங்க, அவங்களுக்கு அந்த பாட்டி நூல் நூக்குறா. டாக்கா மஸ்லின் நெய்த ஊரு, வேற என்ன பண்ணுவா. காத்து பின்னால ஓடுற அந்த பொண்ண எனக்கு ஆரல்வாய்மொழி கணவாயில தான் பாக்க முடிஞ்சுது, ஆனி ஆடியில அங்க நின்னா சேலை முந்தானையே நம்ம கையில நிக்காது, பஞ்சு எங்க நிக்கும்.

அந்த தங்கச்சிகிட்ட இதெல்லாம் படிச்சேன்னு சொன்னப்போ அவ எழும்பி போய் பச்சை மிளகா போட்ட மீன் கொழம்பு ஒரு கிண்ணம் கொண்டு வந்து தந்தா, கடுகெண்ணெய் வாசம். அவங்க ஊர்ல பொம்பளைங்க விரதம் இருந்து கூடி உக்காந்து ஒருத்தி கதை சொல்ல மத்தவங்க கேப்பாங்களாம், பிரதகதான்னு சொன்னா. எனக்கு உடனே ஔவையார் நோன்பு. செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆம்பளைங்க எல்லாரையும், சின்ன பையனா இருந்தாலும் சரி, வெளிய அனுப்பிட்டு கதவ சாத்தி, உப்பு போடாத கொழுக்கட்டை அவிச்சு, கதை சொல்லி, விடியுறதுக்குள்ள ஒரு துண்டு மிச்சம் வைக்காம தின்னு முடிக்கணும். மறந்தா மாசி, தட்டினா தை, அசந்தா ஆடின்னு எங்க ஆச்சி சொல்லுவா, எப்படியாவது ஒரு மாசத்துல பிடிச்சிரணும்னு. நான் அசந்து எத்தனையோ ஆடி போயிட்டுது.

ஆச்சி கதைகள்ல எனக்கு ஓரளவு முழுசா ஞாபகம் இருக்கது ஒண்ணே ஒண்ணு, ராட்சசன் உயிர் வண்டுக்குள்ள இருக்க கதை. பாழுங்கிணத்துல தண்ணிக்கு அடியில ஒரு செப்புப் பெட்டி, பெட்டிக்குள்ள வண்டு. டே புத்தகத்துலயும் குளத்துக்கு அடியில வண்டுக்குள்ள உயிர் வருது, அத படிச்ச அன்னைக்கு நான் நோட்டு எடுத்து ஆச்சி கதைய எழுத ஆரம்பிச்சேன். ஒரே மூச்சுல கிணத்துல இறங்குவான், ஒரு சொட்டு ரத்தம் தரையில விழாம வண்ட நசுக்கணும், எல்லாம் வந்துச்சு. ஆனா அந்த பையன் ராட்சசன் வீட்டுக்குள்ள எப்படி போனான்னு மட்டும் வரல. நாலு நாள் யோசிச்சேன். அப்புறம் பூதப்பாண்டியில இருக்க எங்க சித்திக்கு போன் போட்டேன், எழுபது தாண்டிட்டு, காது கொஞ்சம் மந்தம்.

"சித்தி, ஆச்சி சொல்லுவால்லா, கிணத்துக்குள்ள வண்டு, அந்த பையன் ராட்சசன் வீட்டுக்கு எப்படி போவான்?"

"எந்த பையன்?"

"கிணத்துல இறங்குவான்லா, அந்த பையன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, கேக்கல போலன்னு நான் திரும்ப சொல்ல போனேன்.

"எட்டி மக்ளே, பையன் எங்க இருக்கு அதுல? அவன் கொண்டு அடைச்சு வச்சிருந்தாம்லா ஒரு பொண்ண, அவ தாம்ட்டி இறங்குவா. தலை முடிய கயிறா திரிச்சு கப்பியில கட்டி இறங்குவா. உனக்கு அந்த இடம் ரொம்ப பிடிக்கும், திரும்ப திரும்ப கேப்ப, ஆச்சி உன் சடைய பிடிச்சு காட்டிக் காட்டி சொல்லுவா. மறந்துட்டியாட்டி?"

நோட்டுல மூணு பக்கம் எழுதியிருந்தேன், இறங்கினான், எடுத்தான், நசுக்கினான்னு. எல்லா "ன்"னையும் அடிச்சு மேல "ள்" போட்டுட்டு இருக்கேன் இப்போ. ஆடி முதல் செவ்வாய்க்கு வரேன்னு சித்திகிட்ட சொல்லியிருக்கேன், மாடி தங்கச்சியையும் கூட்டிட்டு போறேன், பச்சரிசி நான் இடிச்சு கொண்டு வரணும்னு சித்தி சொல்லிட்டா.